சத்தம் போடாத முழங்கால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் அஜிஷாவின் இடது முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே, எலும்பின்மேல் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்து நிற்கும் ஓர் இடத்தில். எல்லோருக்கும் கதை மனதில் பிறக்கும்போது உனக்கு மட்டும் ஏன் எலும்பில் பிறந்தது என்று கேட்காதீர்கள். கருங்கல் சந்தைக்கு எதிரே பெயின்ட் கடை வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் எழுதுகிறவனுக்குக் கிடைத்த இடத்தில்தான் பிறக்கும்.

எழுத அஜிஷா அனுமதி தந்தாள். நிபந்தனைகளோடு.

"அப்பா, கதைல நான் கரயப்பிடாது. நொண்டப்பிடாது. கடைசில கப்பும் வாங்கப்பிடாது."

"கரயாம, நொண்டாம, கப்பும் வாங்காம பின்ன நான் என்னத்த மக்களே எழுத?"

"நடந்தத எழுதுங்க."

எழுத்தாளனிடம் இப்படிச் சொல்வது, இருபது லிட்டர் எமல்ஷன் விற்கக் காத்திருப்பவனிடம் ஒரு கிலோ சுண்ணாம்பு கேட்பது போன்றது. ஆனாலும் கடை என்று வைத்துவிட்டால் கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

[அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் வாசிப்பதில்லை என்பதால் இங்கேயே: எங்கள் பக்கத்தில் முழங்காலுக்கு முட்டு என்று பெயர். வலிக்கு நோவு. குதிப்பதைச் சாடுவது என்போம், அழுவதைக் கரைவது என்போம். மண்டியிடுவது முட்டுகுத்துவது, சொல்வது பறைவது. ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். இதற்குமேல் உங்களுக்கு அகராதி தேவைப்படாது.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வானத்தைத் தொடப் பிறந்தவள்போல அவள் வலைக்கு மேலே எழும்பியபோது"

வாசித்துவிட்டு அஜிஷா சொன்னாள்: "வானம் எதுக்கு? வலையத் தொட்டாலே ஃபவுல்."

கைவிடப்பட்டது.

இரண்டாவது தொடக்கம்: "வலி என்பது"

இது கட்டுரைக்குப் போகிற வழி. போனால் திரும்பி வரப் பேருந்து கிடையாது. கைவிடப்பட்டது.

மூன்றாவதாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன். அஜிஷாவுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளி வாலிபால் அணியில் வலையோரம் நின்று சாடி அடிக்கிறவள். அந்த ஒரு வருடத்தில் அவள் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து, ஜூன் மாதம் தைத்த யூனிஃபார்மை நவம்பரில் கையில் வாங்கிய தையல்காரர், "இது மூத்தவளுக்க பாவாடயா, இளையவளுக்கதா?" என்று கேட்டார். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

அவளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர் இஸ்ரவேல் சார். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் செயலாளர். இரண்டு இடத்திலும் ஒரே குரல். "முன்னால் வந்து அமரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அவர் ஆலயத்தில் அறிவித்தால், எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சர்வீஸ் போடக் கை துறுதுறுக்கும்.

சாரிடம் ஒரு சட்டம் உண்டு. முட்டு நோவு என்று வாய் திறந்தவள் சீசன் முடியும் வரை பெஞ்சில். அது கொடுமையல்ல, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. முந்தின வருடம் ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னாள். சீசன் முழுக்கத் தண்ணீர்க் குடங்களுக்குக் காவல் இருந்தாள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாருக்கும் முட்டு நோகவில்லை. மாவட்ட அணித் தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது.

3

இப்போது சுனிதா வர வேண்டும். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

சுனிதா தோவாளைக்காரி. அப்பா பூச்சந்தையில் மொத்த வியாபாரம். பிசியோதெரபியில் மேல்படிப்பு படிக்கிறாள். ஓடிச் சாடி விளையாடுகிற பிள்ளைகளுக்கு முட்டில் ஏன் நோவு வருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கதையின் நன்மைக்காக இவளைக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளாக ஆக்கிப் பார்த்தேன். "சுனிதா தன் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி"

"சுனிதாக்காட்ட வாட்ச்சே கிடையாது," என்றாள் அஜிஷா.

எனவே சுனிதா அவள் இருந்தபடியே இருக்கிறாள். எங்கள் பள்ளி அணியை ஆராய இரண்டு பஸ் மாறி வருவாள். வரும்போதெல்லாம் ஒரு பந்து பிச்சிப்பூ கொண்டுவருவாள். என் மனைவி குளோரி பூ வைக்கிற வழக்கம் இல்லாதவள். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. ஆகவே அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரமும் பிரிட்ஜும் பூச்சூடி நின்றன.

அவளுடைய பாடத்தை அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன். வளரும் வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது. தொடையின் முன்பக்கத் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகிப்போகிறது. அந்தத் தசை முட்டுச் சில்லைத் தாண்டி வந்து, கீழ்க்கால் எலும்பின் தலைப்பில் கயிறுபோலக் கட்டியிருக்கிறது. கட்டியிருக்கும் இடம் அந்த வயதில் இன்னும் முற்றாத எலும்பு. ஒவ்வொரு சாட்டத்துக்கும் கயிறு இழுக்கிறது. இழுத்து இழுத்து அந்த இடம் வீங்கிப் புடைத்து நோகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

"இவ்வளவும் தெரிஞ்சாச்சே, பிறகு எதுக்கு ஆராய்ச்சி?" என்று கேட்டேன். புத்திசாலித்தனமான கேள்வி என்று அப்போது நினைத்தேன்.

"ஒரே டீம், ஒரே வயசு, ஒரே சாட்டம். ஒருத்திக்கு வலிக்கு, பக்கத்துல நிக்கவளுக்கு வலிக்கல்ல. ஏன் அங்கிள்?"

நான் பிரஷ்ஷுக்கு விலை ஒட்டப் போய்விட்டேன்.

அதற்காக அவள் பிள்ளைகளின் தொடைத் தசை எவ்வளவு இறுக்கம் என்று அளந்தாள். பயிற்சியில் எத்தனை முறை சாடுகிறார்கள் என்று எண்ணினாள். மைதானத்தின் செம்மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க இரும்புக் குண்டைத் தரையில் போட்டுப் போட்டுப் பதிவை அளந்தாள். ரோடு அகலப்படுத்த வந்த அதிகாரி என்று நினைத்து ஒருவர் மனுவோடு வந்தார். சுனிதா பொறுமையாக வாசித்துவிட்டு, எங்கே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

பாருங்கள், சந்தேகப்படவும் விடாத பாத்திரம்.

4

தவறு இங்கேதான் நடந்தது. எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு.

இந்த நோவுக்கு ஓர் அடையாளம் உண்டு. மண்டியிட்டால் அந்தப் புடைப்பு தரையில் அழுந்தும், உயிர் போகும். ஆகவே எல்லாப் பிள்ளைகளிடமும் சுனிதா கேட்ட கேள்விகளில் ஒன்று: முட்டுகுத்தினால் வலிக்கிறதா?

பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்க் கேட்டாள். மரியாதை தெரிந்த பெண். அம்மாமார் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொத்துப் பலகாரம் எடுத்து வைத்தார்கள். பிள்ளைகள் ஒருத்தி விடாமல் சொன்னார்கள்: "நோவாது அக்கா."

சாடினால் லேசாகப் பிடிக்கும் என்று சொன்ன ஒன்றிரண்டு பேர்கூட முட்டுகுத்தினால் நோகாது என்றார்கள். சுனிதாவுக்குத் தூக்கம் போயிற்று. வேறு ஊர்களில் நேர் எதிராக அல்லவா வந்திருக்கிறது? இவர்களிடம் என்ன வித்தியாசம்? யோசித்தாள். பிள்ளைகள் எல்லோரும் எங்கள் சபை; எங்கள் வீடுகளில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. நடக்கப் படித்த நாளிலிருந்தே பிள்ளைகள் சிமென்ட் தரையில் முட்டுகுத்துகிறார்கள். ஒருவேளை சின்ன வயதுப் பழக்கம் அந்த இடத்தை உரப்படுத்துகிறதோ?

ஒருவேளை என்றுதான் அவள் சொன்னாள். சென்னையில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் அதைப் பேச இடமும் கிடைத்தது. ஆனால் இஸ்ரவேல் சாரின் காதில் விழும்போது ஒருவேளைகள் உதிர்ந்துபோகும். அடுத்த ஞாயிறு அறிவிப்பு வேளையில் மைக்கைப் பிடித்தார்:

"முழங்காற்படியிட்டு ஜெபிக்கும் பிள்ளைகளுக்கு முட்டு நோவு வராது என்று விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நம்முடைய சபைப் பிள்ளைகள் என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

குளோரி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் காரியதரிசி. அன்று அவள் ஆலயத்தைவிட்டு இறங்கிய நடையைப் பார்த்தால், ஆராய்ச்சியில் பாதி அவள் செய்தது என்று நினைப்பீர்கள்.

5

இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில் கரண்ட் போனது. நடந்த அன்று மழையும் இல்லை, கரண்டும் இருந்தது. நன்றாகத் தெரியும்படிதான் நடந்தது.

சென்னைக்குப் போவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக சுனிதா வந்தாள். பிச்சிப்பூவும் வந்தது. பேசிக்கொண்டிருந்ததில் ஜெப நேரம் ஆகிவிட்டது.

"இரி மக்களே, உனக்க பிரயாணத்துக்கும் சேர்த்து ஜெபிச்சிருதேன்," என்றாள் குளோரி. "நீ சேர்ல இருந்தா போதும், கேட்டியா."

சுனிதா சேரில் இருக்கவில்லை. நாங்கள் முட்டுகுத்தியபோது, மரியாதைக்கு அவளும் அஜிஷாவுக்குப் பக்கத்தில் முட்டுகுத்தினாள்.

நான்கு பேர் தரையில் இறங்கிய சத்தத்தை எழுத முயல்கிறேன். குளோரியின் முழங்கால்: டொக். என் முழங்கால்: டொக், அதைத் தொடர்ந்து பழைய கதவு திறப்பதுபோல ஒரு முனகல். சுனிதாவின் முழங்கால்: டொக். அஜிஷாவின் முழங்கால்:

ஒன்றுமில்லை.

குளோரி கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டாள். என்னுடைய கண் வழக்கம்போலத் திறந்திருந்தது. (குடும்ப ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது பற்றி எனக்கும் கடவுளுக்கும் ஓர் உடன்பாடு உண்டு. எழுதுகிறவனுக்கு வேறு எப்போது மனித முகங்களைப் பார்க்கக் கிடைக்கும்?) ஆகவே சுனிதா தலையைத் திருப்பியதை நான் பார்த்தேன். அவள் அஜிஷாவின் நைட்டி தரையில் விழும் இடத்தைப் பார்த்தாள். ஜெபம் முடியும்வரை அங்கேயேதான் பார்த்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கலாம். பை நிறையக் கண்டுபிடிப்போடு சென்னைக்குப் போகிற பெண், ஒரு சத்தம் கேட்காததைக் கேட்காததாகவே விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

ஆமென் சொன்னதும் கேட்டாள்:

"அஜிஷா, முட்டுல என்னத்தப் போட்டிருக்க?"

"என்னத்தப் போட்டிருப்பா? நைட்டிதான்," என்றாள் குளோரி.

அஜிஷா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அப்பாமார் இப்படித்தான் உதவுவார்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த நிமிடத்தில் இஸ்ரவேல் சாரின் பெஞ்ச், தண்ணீர்க் குடங்கள், மாவட்டத் தேர்வு எல்லாம் அவள் முகத்தில் வந்துபோனதாக எழுதலாம். முகத்தில் அப்படியெல்லாம் வராது. ஆனால் வந்துபோயின.

நைட்டியை முட்டுவரை தூக்கினாள். இரண்டு காலிலும் வாலிபாலுக்குப் போடும் நீ-பேடு, அதாவது முட்டு உறை. கறுப்பு நிறம், பஞ்சு வைத்தது. நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

"ஜெபத்துக்கு இதப் போட்டுட்டா இருக்க?" என்றாள் குளோரி.

"போடாம முட்டுகுத்தினா உயிரு போவும்மா."

"அக்கா கேட்டதுக்கு நோவாதுன்னு பறஞ்சியே, ஏட்டி!"

"கள்ளம் பறயல்லம்மா. பேடு போட்டா நோவாது. நீங்க பக்கத்துல இருந்து முந்திரிக்கொத்து எடுத்துத் தாறீங்க. அந்நேரம் முட்டுகுத்த முடியல்லன்னு எப்படிப் பறய? நான் ஜெபிக்கல்லன்னு ஆவாதா?"

சுனிதா மெதுவாகக் கேட்டாள்: "மத்த பிள்ளைகளும் போடுவாங்களா?"

"டீம்ல எல்லாரும். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கும் போட்டுட்டுதான் போவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்பைக் கேட்டுப் பரவசத்தோடு சபை முழுக்க முழங்காற்படியிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, சுடிதாருக்குள் ஒரு முழு வாலிபால் அணி ஆட்டத்துக்குத் தயாராக நின்றிருக்கிறது.

"இப்ப ஏன் சொன்ன? சொன்னா சார் பெஞ்சில இருத்துவாருல்லா?" என்றேன். எழுத்தாளனாகக் கேட்டேனா, அப்பாவாகவா என்று இன்னும் தெரியவில்லை.

"அக்கா சென்னைல போயி நோவாதுன்னு பேசினா எல்லாரும் நம்புவாங்க. பிறகு எங்கயாச்சும் ஒரு பிள்ள நோவுதுன்னு கரஞ்சா, போயி முட்டுகுத்து, சரியாவும்ணு சொல்லமாட்டாவளா?"

[இங்கே அப்பாவின் பெருமிதத்தைப் பற்றி நீண்ட பத்தி ஒன்று இருந்தது. 'நெஞ்சு விம்மியது' என்று தொடங்கியது. அஜிஷா அடித்துவிட்டாள். விம்மியது என்னவோ உண்மை.]

சுனிதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போச்சு. என் கண்டுபிடிப்பு ஒரு பஞ்சுக்குள்ள போச்சு."

பேடை இறக்கி அந்தப் புடைப்பைத் தொட்டாள். அஜிஷா பல்லைக் கடித்தாள். கரையவில்லை, நிபந்தனைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கரையவில்லை. விளையாட்டை முழுசாக நிறுத்த வேண்டாம், சாட்டத்தைக் குறைத்து, தசையைப் பழக்கி, பைய ஏற்றினால் போதும் என்று சுனிதா சொன்னாள். அஜிஷாவின் கழற்றிய பேடை மடியில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த குளோரி, கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"இது பெரியவங்க அளவுல வருமா மக்களே?"

6

சுனிதா சென்னையில் பேசவில்லை. அவளே எழுதி அந்தப் பேச்சை விலக்கிக்கொண்டாள். அவளுடைய பேராசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கேக்காதீங்க அங்கிள்" என்றாள். கேட்கவில்லை, கதையிலும் கற்பனை செய்து போடவில்லை.

பிறகு முதலிலிருந்து தொடங்கினாள். இந்தமுறை மைதானத்தில், அம்மாமாரும் முந்திரிக்கொத்தும் இல்லாத இடத்தில், ஒவ்வொருத்தியாகத் தனியே உட்கார்த்திக் கேட்டாள். நோவு நோவாக வந்து விழுந்தது. விடுமுறை முடிந்த கையோடு பயிற்சியைத் திடீரென்று இரட்டிப்பாக்கிய வாரங்களில்தான் பலருக்கும் தொடங்கியிருக்கிறது என்று இப்போது அவளுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான். 'ஒருவேளை' என்ற சொல்லை அவள் இப்போது இஸ்ரவேல் சாரிடம் மூன்று முறை அழுத்திச் சொல்கிறாள்.

சார் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"செல்வதாஸ், உனக்க மவ எனக்க அறிவிப்பக் கெடுத்துப்போட்டாளே!"

"தெரியாமச் செய்யல்ல சார். தெரிஞ்சுதான் செய்தா."

முறைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அந்தச் சுனிதா என்கிட்ட கேக்கா, பயிற்சிய இரட்டிச்சது யாருன்னு. நான் என்ன சொல்ல? பிள்ளைங்க செயிக்கணும்ணுதானடே செய்தேன்." கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்தார். "இத்தன வருசம் விசில் ஊதுதேன். ஒருத்தியாச்சும் எனக்கிட்ட நோவுன்னு பறயல்ல பாத்தியா."

பறைந்த ஒருத்தியைப் பெஞ்சில் இருத்தியதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. முகத்தில் அப்படியெல்லாம் வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். வாபஸ்.

அந்த ஞாயிறு அவர் மைக்கைப் பிடித்தார்.

"முந்தைய அறிவிப்பில் ஒரு திருத்தம். பிள்ளைகளுக்கு முட்டு நோவு இருக்கிறது. நோவுள்ள பிள்ளைகள் உட்கார்ந்தபடியே ஜெபிக்கலாம். என்னிடமும் வந்து சொல்லலாம். பெஞ்ச் கிடையாது."

கடைசி இரண்டு வாக்கியங்கள் கடவுளுக்குப் புரிந்திருக்காது. அணிக்குப் புரிந்தது.

7

பிறகு ஜெபம். எல்லோரும் முழங்காற்படியிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் சில முழங்கால்கள் சத்தமில்லாமல் இறங்கியதை என் காது பிடித்தது. பழக்கம் ஒரே நாளில் போகாது, வெட்கமும் போகாது.

ஆண்கள் பக்கத்தில் முட்டுகுத்தியிருந்த நான், உடன்பாட்டின்படி, கண்ணைத் திறந்தேன்.

தாழ்ந்த தலைகளுக்கு நடுவே அஜிஷா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேடு போடவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. ஆலயத்தில் அவள் மட்டும்தான் உயரத்தில் இருந்தாள். வலைக்கு மேலே எழும்பும்போதுகூட அவ்வளவு உயரமாக அவளை நான் பார்த்ததில்லை.

அவளுக்குப் பக்கத்தில் முட்டுகுத்தியிருந்த குளோரி ஒரு கண்ணைத் திறந்தாள். (ஆக, அவளுக்கும் ஓர் உடன்பாடு இருக்கிறது!) மகளைப் பார்த்தாள். முன்வரிசையில் சங்கத்துப் பெண்களின் முதுகுகளைப் பார்த்தாள். ஜெப வேளையில் உட்கார்ந்து பழக்கமில்லாத என் மனைவி, பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். மகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, உட்கார்ந்தாள்.

ஆமென் வரை இரண்டு தலைகள் நிமிர்ந்து இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெபிப்பதற்காக அல்ல, ஐம்பது வயது ஆண்பிள்ளை கரைவதை யாரும் பார்க்க வேண்டாமே என்று. அஜிஷா கரையக் கூடாது என்றுதான் நிபந்தனை. என்னைப் பற்றி எதுவும் இல்லை.

8

மாவட்டத் தேர்வு என்ன ஆயிற்று?

எழுதியிருந்தேன். இப்படி: "இஸ்ரவேல் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேர்வான பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயர்"

அஜிஷா பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"இத எழுதாண்டாம்."

"ஏன் மக்களே? நடந்ததத்தான எழுதச் சொன்ன?"

"எனக்குக் கெடச்சுதுன்னு எழுதினா, நோவுன்னு சொன்னா டீம்ல எடுப்பாவன்னு நெனச்சுச் சொல்லுவாளுவ. கெடைக்கல்லன்னு எழுதினா, எவளும் வாயத் தொறக்கமாட்டா. ரெண்டும் வேண்டாம்பா. நோவுதுன்னா, நோவுதுங்கதுக்காவத்தான் சொல்லணும்."

எத்தனையோ வருடமாகக் கதை எழுதுகிறேன். கதையின் முடிவு என்பது, கேள்வி கேட்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து நீட்டுகிற அம்மா என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அது பக்கத்தில் இருந்தால் பதில் மாறிப்போகும்.

ஆகவே முடிவை எழுப்பி அடுக்களைக்கு அனுப்பிவிட்டேன். இப்போது இந்த இடத்தில் நீங்களும், உங்கள் வீட்டில் ஓடிச் சாடி விளையாடுகிற அந்தப் பிள்ளையும் மட்டும்தான் இருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் சாரின் கையில் அப்படியே இருக்கிறது. அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பிள்ளை திறக்கட்டும்.

நோகிறதா என்று கேளுங்கள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.